கும்சுக் படித்த வேதம்

கடைக் கதவின் மணி கிணுகிணுத்தபோது கும்சுக் ஒரு கஷ்டமான இடத்தில் இருந்தாள். அண்ணனுக்குச் சொந்தமான வயலைத் தம்பி விற்றுவிட்டான். வாங்கியவன் முன்பணமும் கொடுத்துவிட்டான். இனி யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, கீழே ஐந்து விடைகள் கொடுத்திருந்தார்கள். ஐந்துமே சரியாகத்தான் தெரிந்தன.

வீடு காட்டப் போன முதலாளி திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நினைத்திருந்தாள். கால் மணி நேரத்தில் வந்து நின்றார்.

"என்ன முதலாளி, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நாலாவது மாடி, லிஃப்ட் இல்லைன்னு சொன்னேன். வீட்டையே பாக்கல. படிக்கட்டைப் பாத்துட்டே கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாங்க." விசிறியை எடுத்து விசிறிக்கொண்டவரின் கண் அவள் மேசைக்கு வந்தது. "அது என்னம்மா புத்தகம்? செங்கல் கணக்கா இருக்கு?"

கும்சுக் கறுப்புத் தோலுறையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இந்தக் கேள்விக்காக அவள் மூன்று மாதமாகத் தயாராக இருந்தாள்.

"பைபிள், முதலாளி."

உறை உண்மையிலேயே வேதாகமத்தினுடையதுதான். நாத்தனார் பரிசாகக் கொடுத்தது. உள்ளே இருந்த வேதாகமம் வீட்டு அலமாரியில் உறையில்லாமல் கிடக்க, அதன் இடத்தில் எண்ணூறு பக்கக் குடிமைச் சட்டப் புத்தகம் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்திருந்தது.

ஒக் சாங்தேயின் வீட்டுத் தரகுக் கடையில் அவள் ஒன்பது வருடமாக உதவியாளர். ஜொன்ஜு நகரத்தின் பழைய சந்தைப் பக்கம் எந்த வீட்டுக் கூரை எந்த மூலையில் ஒழுகும், எந்த வீட்டுக்கு மாலை வெயில் வரும், எந்தக் கீழ்வீட்டு நாய் விடிகாலையில் குரைக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஆனால் தனக்கு உரிமம் இல்லை என்பதை உதவியாளர் வாடிக்கையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கி முடித்துவிட்டு, "நான் இங்க உதவியாளர் மட்டுந்தாங்க" என்று அவள் சொன்னதும் எதிரே இருப்பவரின் பார்வை அவள் தோளைத் தாண்டி முதலாளியைத் தேடிப் போகும். ஒன்பது வருடத்தில் அந்தப் பார்வை மட்டும் அவளுக்குப் பழகவில்லை.

போதாக்குறைக்கு அந்த வசந்த காலத்தில் முதலாளி ஒரு நாள் தேநீரைக் கலக்கிக்கொண்டே, "கட்டடத்தை இடிக்கப் போறாங்களாம். அடுத்த மார்ச் மாசத்தோட நானும் மூடிடலாம்னு பாக்குறேன்" என்றார். கும்சுக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. சரக்கு லாரி ஓட்டும் அவள் கணவருடைய இடுப்பு, அவருக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது. உரிமம் இருந்தால் சொந்தமாக ஒரு மேசை போட்டு உட்காரலாம். இல்லாவிட்டால் ஐம்பத்து மூன்று வயதில் எந்தக் கடையிலும் உதவியாளராகக்கூட எடுக்கமாட்டார்கள்.

இதை முதலாளியிடமே சொல்லிவிடலாம்தான். சொல்ல முடியாததற்குக் காரணம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அங்கே கடை வைத்திருந்த மின்ஜொங், ஐந்து வருடத்துக்கு முன்பு வரை இவர்களுடைய கடையில் இருந்தவள். யாருக்கும் தெரியாமல் படித்து, தேர்வில் தேறி, மறு மாதமே எதிரில் கடை திறந்தாள். 'அரசுச் சான்று பெற்ற தரகர்' என்று பொன்னிற எழுத்தில் பலகை. சாங்தேயின் பலகையில் அந்த 'சான்று பெற்ற' கிடையாது. அவர் பதிவு செய்த காலத்தில் தேர்வே கிடையாது. இருபத்திரண்டு வயதில் அப்பாவோடு கடையில் உட்கார்ந்தவர். பிற்பாடு தேர்வு வந்தபோது, பழைய ஆட்கள் எழுத வேண்டாம் என்று அரசாங்கமே விட்டுவிட்டது. தொழில் செய்யலாம், அந்தச் சொல்லை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. வீடு தேடி வருகிற இளம் ஜோடிகள் நடுச்சாலையில் நின்று இரண்டு பலகையையும் படித்துவிட்டு அந்தப் பக்கம் போவார்கள். அப்போதெல்லாம் முதலாளி எழுந்துபோய் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவார். செடி அழுகியே போய்விட்டது.

"பரீட்சையாம் பரீட்சை!" என்பார். "நாப்பது கட்டத்தைக் கறுப்பு மையில ரொப்பிட்டா வீட்டைப் பத்தித் தெரிஞ்சுடுமா? சுவத்துல உள்ளங்கையை வச்சாப் போதும், உள்ள எத்தனை வருஷத்து ஈரம்னு நான் சொல்லுவேன். இனிமே இந்தக் கடையில எவளாவது அந்தப் புத்தகத்தைத் தொட்டா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அதனால்தான் தோலுறை. அதனால்தான் பைபிள்.

முதலாளி சிறிது நேரம் உறையைப் பார்த்தபடி நின்றார்.

"நல்லதும்மா," என்றார் கடைசியில். "வயசாகுதுல்ல, மனுஷனுக்கு ஒரு பிடிமானம் வேணும்."

தப்பித்துவிட்டோம் என்று கும்சுக் மூச்சுவிட்டாள். ஆனால் அவர் அன்று மாலையே பியொன் அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டார்.

பியொன் அக்காவுக்குச் சந்தைக்குப் பின்னால் மூன்று மாடி வாடகை வீடு இருந்தது. கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர். அதைவிட முக்கியமாக, தேவாலயத்தில் மூத்தவர். ஒன்பது வருடமாகக் கும்சுக்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவர். மறுநாள் காலையில் ஒரு முழுத் தர்ப்பூசணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"கும்சுக்கு! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா நீ! தனியா உக்காந்து படிக்கிறியாமே? அழுதுட்டேன், தெரியுமா? வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நம்ம வீட்டுல ஜெபக் கூட்டம். வந்துடணும்."

"கடையில வேலை இருக்கும் அக்கா..."

"போயிட்டு வாம்மா," என்றார் முதலாளி உள்ளறையிலிருந்து. "நான் பாத்துக்கறேன்."

அந்த வியாழக்கிழமை, கிளம்புவதற்கு முன் உறைக்குள் நிஜ வேதாகமத்தை மாற்றி வைக்க வேண்டும் என்றுதான் கும்சுக் இருந்தாள். அதற்காகவே அதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். முதலாளி மேசையை விட்டு அசையவே இல்லை. துணிப்பை மேசைக்கு அடியில் இருந்தது, தோலுறை மடியில் இருந்தது. இரண்டு மணிக்குப் பியொன் அக்கா வாசலில் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் பியொன் அக்கா, "இன்னிக்குப் புதுசா வந்த நம்ம தங்கச்சி, தன் மனசைத் தொட்ட ஒரு வசனத்தைப் படிப்பா" என்றார்.

"கண்ணாடியை மறந்துட்டேன் அக்கா."

ஏழு பேரும் தங்கள் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்கள்.

கும்சுக் உறையைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. அன்று காலையில் பேருந்தில் மனப்பாடம் செய்தது மட்டும்தான் நினைவில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கோவில் குரலில் ஆரம்பித்தாள்.

"வஞ்சித்தோ அச்சுறுத்தியோ ஒருவனிடத்தில் பெற்ற வாக்கு நிலைக்காது; அவன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும், ஒன்றும் அறியாத மூன்றாமவனுக்கு அதனால் கேடு வரலாகாது."

ஏழு தலைகளும் மெல்ல அசைந்தன.

"ஆமென்," என்றார் பியொன் அக்கா.

"ஆமென்," என்றார்கள் எல்லோரும். ஓரத்தில் இருந்த தையற்கடைப் பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மச்சினன் பேச்சை நம்பி எங்கேயோ கையெழுத்துப் போட்டவளாம். "எனக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு அக்கா. எந்த அதிகாரம் அது?"

"நூத்துப் பத்து," என்று வந்துவிட்டது கும்சுக்கின் வாயில். குடிமைச் சட்டத்தின் பிரிவு எண் அது.

"சங்கீதம் நூத்துப் பத்தா?"

"...ம்."

மறுநாள் காலை கடை திறக்கும்போதே பியொன் அக்கா வாசலில் நின்றார். சங்கீதம் நூற்றுப் பத்தை நான்கு முறை படித்தாராம், மூன்றாமவன் யாரையும் காணோமாம்.

"என்னோடது புது மொழிபெயர்ப்பு அக்கா," என்றாள் கும்சுக்.

"அதானே பாத்தேன்! என்ன அழகா இருக்கு! அப்ப வாராவாரம் நீதான் படிக்கணும்."

அப்படித்தான் அந்தக் கோடை முழுவதும் வியாழக்கிழமைகளில் ஏழு பெண்கள் அடமானத்தையும் குத்தகையையும் எல்லைச் சுவரையும் பற்றிக் கேட்டு மனம் உருகினார்கள். வாரம் ஒரு பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியாக வேண்டும் என்பதால், ஒரு வருடமாகத் தலையில் ஏறாதவை எல்லாம் கும்சுக்குக்குத் தண்ணீராக வந்தன. அது வேறு அவளுக்குக் குற்ற உணர்வாக இருந்தது.

ஆனால் முதலாளி விஷயத்தில் அவள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

பகலில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

"இன்னிக்கு என்ன படிச்சேம்மா?"

முதல் தடவை கேட்டபோது அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் படித்ததையே கதையாக்கிச் சொன்னாள்.

"ஒருத்தன் தன்னோடது இல்லாத வயலை இன்னொருத்தனுக்கு வித்துட்டான், முதலாளி."

"அடப் பாவி! செல்லுமா?"

"செல்லும். ஆனா அவன் அதை எப்படியாவது வாங்கிக் கொடுக்கணும்."

"கொடுக்க முடியலன்னா?"

"வாங்கினவன் ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம்."

முதலாளி மோவாயைத் தடவினார். "வாங்கும்போதே அது அவனுது இல்லைன்னு தெரிஞ்சுதான் வாங்கினான்னு வையி. அப்பவும் முறிச்சுக்கலாமா? நஷ்டஈடு கேக்கலாமா?"

கும்சுக்குக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைத்தான் அவள் தாண்டிப் போயிருந்தாள். "நாளைக்குப் பாத்துச் சொல்றேன் முதலாளி" என்றாள். வீட்டில் போய்ப் பார்த்தாள். முறித்துக்கொள்ளலாம், நஷ்டஈடு கேட்க முடியாது. மறுநாள் சொன்னாள்.

"நியாயமான வேதம்," என்றார் முதலாளி, தலையை ஆட்டி.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. நிலம் ஒரு சகோதரனுக்கும் அதன்மேல் நிற்கும் வீடு இன்னொரு சகோதரனுக்கும் போன கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று நாள் தொடர்ந்து அதைக் கேட்டார். அவள் எங்கே தடுமாறுகிறாளோ சரியாக அங்கே வந்து கேள்வி கேட்பார். அவள் ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து சொல்வாள்.

ஆகஸ்ட் மாதம் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. காலையில் வந்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் வெளியே வருவதில்லை. ஒரு நாள் வாடகை ஒப்பந்தத்தில் முத்திரை வாங்கப் போன கும்சுக், கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். முதலாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஜெபம்!

கும்சுக் சத்தமில்லாமல் தன் மேசைக்குத் திரும்பினாள். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், எந்தக் கோவில் வாசலையும் மிதிக்காதவர், ஒரு நம்பிக்கையைத் தேடி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஆன்மாவுக்கு நாம் அடமானச் சட்டத்தை ஊட்டிக்கொண்டிருக்கிறோம். அவள் அன்று மதியம் சோற்றைத் தொடவில்லை.

இனி நிஜமான பைபிளையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மறுநாள் விடிகாலையில் அலமாரியில் இருந்த வேதாகமத்தைத் திறந்து, தொலைந்துபோன ஆட்டின் கதையைப் படித்துவிட்டு வந்தாள். மதியம் அதைச் சொன்னாள். முதலாளி பாதியிலேயே கொட்டாவி விட்டார்.

"ஆடு கெடக்கட்டும்மா. அந்த ரெண்டு சகோதரனுங்க என்ன ஆனாங்க? வீட்டை இடிச்சுட்டுத் திரும்பக் கட்டினா நிலத்து மேல உரிமை நிக்குமா, நிக்காதா?"

முதலாளி தினமும் வேதக் கதை கேட்கிறார் என்ற செய்தி எட்டியதும், பியொன் அக்கா அவரையும் தேவாலயத்துக்கு அழைத்துப் போக ஓடி வந்தார். வந்த இடத்தில் வாக்குவாதம் ஆகிவிட்டது.

"சகோதரரே, அந்த ரெண்டு சகோதரன் கதை காயீன், ஆபேல் கதைதானே? அதுல வீடு எங்க வந்துச்சு?"

"வருதுங்க. நிலம் மூத்தவனுக்கு, வீடு இளையவனுக்கு."

"நான் நாப்பது வருஷமா படிக்கிறேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"இருக்குங்கறேன்!" முதலாளி மேசையைத் தட்டினார். "நம்ம கும்சுக்கு பொய் சொல்லுவாளா? ஏம்மா, இருக்கா இல்லையா?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"புது மொழிபெயர்ப்புல இருக்கு," என்றாள் கும்சுக். இவ்வளவு மெல்லிய குரலில் அவள் அதுவரை பேசியதில்லை.

"கேட்டீங்களா!" என்றார் முதலாளி. பியொன் அக்கா அந்த மொழிபெயர்ப்பில் ஏழு பிரதி வாங்க வேண்டும், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்தார். அச்சில் இல்லை என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

தேர்வு அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. போன வருடம் ஜொன்ஜுவிலேயே எழுதியபோது, பள்ளிக்கூட வாசலில் தெரிந்த முகம் நான்கைந்தைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சுவராக நடந்து உள்ளே போனாள். அந்தப் படபடப்பிலேயே மூன்று கேள்வியில் தோற்றாள். இந்த வருடம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் குன்சன் நகரத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். துறைமுகப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை கடைக்கு நல்ல வியாபார நாள். விடுப்பு கேட்க வேண்டும்.

"முதலாளி, இந்தச் சனிக்கிழமை நான் வரமாட்டேன். தேவாலயத்துல எல்லாரும் வெளியூர் போறோம்."

"போயிட்டு வா. நானும் அன்னிக்குக் கடை திறக்கல. அப்பாவோட நினைவு நாள்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவள் நினைக்கும்போது, வாடகை ரசீது கேட்டு வந்திருந்த பியொன் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த வெளியூரு? எனக்குத் தெரியாம யாரு போறா?"

"இல்ல அக்கா... தனியாத்தான். மலைப்பக்கம் ஒரு ஜெப வீடு இருக்காம். நாள் முழுக்க ஒண்ணும் சாப்பிடாம..."

"உபவாச ஜெபமா!" பியொன் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "நானும் வர்றேன்."

"பேசக் கூடாதாம் அக்கா. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கக் கூடாதாம்."

"அப்ப நாங்க ஏழு பேரும் அன்னிக்கு வீட்டுலயே சாப்பிடாம இருக்கோம். உனக்குத் துணையா."

கும்சுக் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். தையற்கடைப் பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி என்றாள். பியொன் அக்கா, அவளுக்கு மட்டும் ஒரு பழம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி அவளை முனையில் இருந்த சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். மூன்று மாதத்தில் அவர் இப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. விஷயம் தெரிந்துவிட்டதோ என்று கும்சுக் பயந்தாள். கடைக்காரம்மா சோறு, பொரித்த மீன், கிம்சி ஊறுகாய், அதோடு ஆளுக்கு ஒரு கிண்ணம் கடற்பாசிச் சூப் கொண்டுவந்து வைத்தாள்.

கடற்பாசி வழுக்கும்; தின்றால் தேர்விலும் வழுக்கிவிடும் என்பார்கள். தேர்வுக்குப் போகிறவர்கள் யாரும் முதல் நாள் அதை வாயில் வைக்கமாட்டார்கள். கும்சுக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள்.

"நாளைக்கு உபவாசம் பாருங்க முதலாளி. இன்னிக்கே கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு."

"எனக்கும் வயிறு சரியில்ல," என்று முதலாளியும் தள்ளிவிட்டார். ஆனால் மீனை முள்ளைத் தவிர மிச்சம் வைக்கவில்லை.

கிண்ணம் எடுக்க வந்த கடைக்காரம்மாவுக்கு முகம் கடுத்துவிட்டது. "ஏன், என் சூப்புக்கு என்ன கேடு? ரெண்டு பேரும் தொடாமலே வச்சிருக்கீங்க? மாட்டுக்கறி போட்டுக் காலையிலேருந்து கொதிக்க வச்சிருக்கேன்!"

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது முதலாளி, அவள் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு நல்லா பண்ணும்மா. ஜெபத்தைத்தான் சொல்றேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த பரிவுதான் அவளைக் கொன்றது. ஒன்பது வருடம் சோறு போட்ட மனிதர். பல் வலி வந்த அன்று தானே வண்டி எடுத்து மருத்துவரிடம் கொண்டுபோனவர். நாளை தேறினால் அவர் முகத்தில் மின்ஜொங்கைப் பார்க்கும் அதே பார்வை வரும். தேறாவிட்டால் மார்ச் மாதம் வரும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயல்கள் வெளுத்துக் கிடந்தன. ஏழு பெண்கள் தனக்காகப் பட்டினி இருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும், கொண்டுவந்த அரிசிப் பண்டத்தைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

பள்ளி வாசலில் கடற்காற்று அடித்தது. அவளைப் போன்றவர்கள்தான் எங்கும். மூட்டுவலியோடு படியேறும் பெண்கள், வேலை போன முகத்தோடு ஆண்கள், ஒவ்வொருவர் கையிலும் கசங்கிய காகிதம். கும்சுக் தன் அறையைக் கண்டுபிடித்து, பெயர் ஒட்டிய மேசையில் உட்கார்ந்தாள். சிறுவர்களுக்கான நாற்காலி, முழங்கால் இடித்தது. பேனாவை எடுத்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தாள்.

மைதானத்தின் நடுவில் ஒக் சாங்தே நின்றுகொண்டிருந்தார்.

கழுத்துப்பட்டை இல்லாமல் அவரை அவள் பார்த்ததே இல்லை. இன்று மலையேறுகிறவர்கள் போடும் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார். முகக்கவசம் வேறு. ஆனால் அந்த நடை, ஒவ்வொரு கட்டடத்தையும் விலைக்கு வாங்கப் போகிறவர்போல நிமிர்ந்து பார்க்கும் பார்வை, அவரேதான். காவலாளியிடம் ஒரு காகிதத்தைக் காட்டி ஏதோ கேட்டார். காவலாளி இந்தக் கட்டடத்தைக் கை காட்டினான்.

அப்பாவின் நினைவு நாள் இல்லை. உபவாசத்தை அவர் நம்பவே இல்லை. தேடிக்கொண்டு குன்சன் வரை வந்துவிட்டார்.

கும்சுக் தலையை மேசைக்குக் கீழே இறக்கினாள். நடைவழியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துவிட்டு, அடுத்த அறைக்கு வந்தது. மூன்றாம் அறை. நான்காம் அறை. அவளுடைய அறை வாசலில் சத்தம் நின்றது. பட்டியலை ஒரு விரல் தடவும் ஓசைகூடக் கேட்டதுபோல இருந்தது. பிறகு அவர் உள்ளே வந்தார். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

ஒளிய இனி இடமில்லை. கும்சுக் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதலாளி, இங்க வச்சு ஒண்ணும் சொல்லாதீங்க. நானே சொல்லிடறேன். நான் பொய் சொல்லிட்டேன். உபவாசமும் இல்ல, ஜெப வீடும் இல்ல. அது பைபிளே இல்ல முதலாளி! குடிமைச் சட்டம்! வயலை வித்தவன், அந்த ரெண்டு சகோதரனுங்க, எல்லாமே பரீட்சைக் கேள்விதான். பியொன் அக்கா வீட்டுல நான் படிச்சது பூராவும் சட்டம். நீங்க தினமும் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்றதைப் பாத்து எனக்கு நெஞ்சு வெந்து போச்சு. ஒரு மனுஷனோட நம்பிக்கையில விளையாடிட்டேன். மின்ஜொங் மாதிரி எதிர்ல கடை போடணும்னு நான் நினைக்கல. மார்ச் மாசத்துக்கு அப்புறம் எனக்குன்னு ஒரு மேசை வேணும்னுதான் நினைச்சேன். திங்கக்கிழமையிலேருந்து வர வேண்டாம்னு சொன்னாலும் சரி. இன்னிக்கு மட்டும் எழுத விடுங்க."

அறையில் ஒரு பேனா உருளும் சத்தம் கேட்டது. முதலாளி தொப்பியையும் முகக்கவசத்தையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. குனிந்து, விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார்.

அப்போது விடைத்தாள் கட்டோடு உள்ளே வந்த கண்காணிப்பாளர், இளம் ஆசிரியை, நடுவழியில் நின்றவரைப் பார்த்து அடையாளம் தெரிந்தவள்போலச் சிரித்தாள்.

"வாங்க ஒக் ஐயா, உங்க இடம் இந்தம்மாவுக்கு நேர் பின்னாடிதான், உக்காருங்க. போன வருஷம் மாதிரி விடைத்தாள்ல பேர் எழுத மறந்துடாதீங்க."